இரண்டு முறை கழற்றிவிடப்பட்ட கல்லூரி

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2023-இல் ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்தேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரேகான் மாநிலம், போர்ட்லண்ட் நகரை ஒட்டிய பீவர்ட்டன் என்ற ஊர். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

எதிர் வீட்டில் ஒரு பெரியவர். வயது எழுபத்தெட்டு. வனத்துறை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலோ மழையோ, தலையில் ஓர் ஆரஞ்சு நிறத் தொப்பி இருக்கும். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி, இரண்டு நிமிடம் வானிலை பேசுவார். ஆகஸ்ட் 5, சனிக்கிழமை காலை, வாசல் படியில் உட்கார்ந்திருந்தவர் கையை உயர்த்தவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்து அருகில் போய்க் கேட்டேன். "எங்கள் கான்ஃபரன்ஸ் போய்விட்டது" என்றார்.

கான்ஃபரன்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது கருத்தரங்குதான். ஏதோ கூட்டம் ரத்தாகிவிட்டது, அதற்கா இந்த மனிதர் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். அன்று பேரனைக் கேட்டும், பிறகு பெரியவரிடமே கேட்டும், உள்ளூர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவனுக்கு, ராஜ்யங்கள் எப்படி உடைகின்றன என்பதற்கு இதைவிடச் சுத்தமான பாடம் கிடைத்ததில்லை.

முதலில் கான்ஃபரன்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகளில் குறுவட்டப் போட்டி நடத்துகிறோம் அல்லவா? பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு குறுவட்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்காக அப்படிக் கூட்டாகச் சேர்ந்திருக்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம்: நம் குறுவட்டத்தைக் கல்வித்துறை பிரித்துக் கொடுக்கும். அங்கே கல்லூரிகள் தாங்களே கூடி, தாங்களே பேர் வைத்து, யாரைச் சேர்ப்பது என்று தாங்களே வாக்களிக்கின்றன. சேர முடிகிறது என்றால் விலகவும் முடியும். இதில் பெரிய விளையாட்டு அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. கல்லூரி ஆட்டம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள்.

பெரியவரின் கல்லூரி ஒரேகான் ஸ்டேட். கார்வாலிஸ் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ அறுபதாயிரம். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மொரில் சட்டம் என்று ஒன்று உண்டு. மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுக்கும். அதை விற்று, விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்றுத்தரும் கல்லூரி நடத்த வேண்டும். (அந்த நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டால் அது பூர்வகுடி மக்களின் கதை, தனிப் பதிவு போட வேண்டும்.) அந்த வழியில் வந்த கல்லூரிகளில் ஒன்றுதான் இதுவும். நம் நாட்டிலும் 1960-இல் பந்த்நகரில் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கியபோது இதே முறையைத்தான் பின்பற்றினார்கள். உதவியது அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகம். பெரியவரின் அப்பாவும் கார்வாலிஸில்தான் படித்தார், அதன் பெயரில் 'விவசாயக் கல்லூரி' என்று இருந்த காலத்தில். படித்துவிட்டு வில்லாமெட் பள்ளத்தாக்கில் புல்விதை சாகுபடி செய்தவர்.

இனி வரலாறு. 1915 டிசம்பர் 2. போர்ட்லண்டில் இம்பீரியல் ஹோட்டலில் நான்கு கல்லூரிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். கலிஃபோர்னியா (பர்க்லியில் இருப்பது), வாஷிங்டன் (சியாட்டில்), ஒரேகான் (யூஜீன்), அப்புறம் நம் பெரியவரின் கார்வாலிஸ். பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் பிறந்தது. இரண்டு வருடத்தில் வாஷிங்டன் ஸ்டேட், மறு வருடம் ஸ்டான்ஃபோர்டு, 1922-இல் யு.எஸ்.சி.யும் ஐடஹோவும், 1928-இல் யு.சி.எல்.ஏ. என்று வளர்ந்தது. ரயிலில் போய் ஆடிவிட்டு ரயிலில் திரும்பிய காலம். எவ்வளவு தூரம் ரயிலில் போக முடியுமோ, அவ்வளவுதான் கூட்டின் எல்லை.

இதில் வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் ஊர் புல்மன். ஐடஹோ பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர் மாஸ்கோ. (ரஷ்யா இல்லை, ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ.) இரண்டுக்கும் இடையே மாநில எல்லை ஓடுகிறது; தூரம் 13 கிலோமீட்டர்தான். இந்த இரண்டு அணிகளும் மோதும்போது ஒரு வழக்கம் இருந்தது. தோற்ற கல்லூரி மாணவர்கள் ஜெயித்த கல்லூரிக்கு நடந்தே போக வேண்டும். 1938-இல் தொடங்கிய வழக்கம், முப்பது வருடம் ஓடியது. மாஸ்கோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

1956-இல் முதல் இடி. சியாட்டிலில் வாஷிங்டன் அணியின் வீரர்கள் பயிற்சியாளர் ஜான் செர்பெர்க்குக்கு எதிராகக் கிளம்பினார்கள். அவரை வேலையிலிருந்து தூக்கினார்கள். தூக்கப்பட்டவர் வாயைத் திறந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் ரகசிய நிதி ஒன்று வைத்து வீரர்களுக்குப் பணம் கொடுத்துவந்தது வெளியே வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, லாஸ் ஏஞ்சலஸ், பர்க்லி என்று வரிசையாக மற்ற பெரிய கல்லூரிகளிலும் அதே கதைதான் என்று தெரிந்தது. செர்பெர்க் என்ன ஆனார் என்கிறீர்களா? அந்த மாநிலத்தின் துணை ஆளுநராகத் தேர்தலில் ஜெயித்து, 1957 முதல் 1989 வரை முப்பத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தார்! வேலை போனதே நல்லதாகப் போயிற்று.

கூட்டமைப்பு தண்டனைகளை விதித்தது. தண்டிக்கப்பட்ட பெரிய ஊர்க் கல்லூரிகளுக்கு ஆத்திரம். சின்ன ஊர்க்காரர்கள் நமக்குப் பாடம் நடத்துவதா என்று ஒரு கசப்பு. அதோடு கணக்கும் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஓர் ஆட்டத்துக்கு வரும் கூட்டம் புல்மனிலும் மாஸ்கோவிலும் வராது. 1959-இல் பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸையே கலைத்துவிட்டார்கள். கலைத்த கையோடு சியாட்டில், பர்க்லி, யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி. சேர்ந்து புதுக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டும் வந்து சேர்ந்தது. ஒரேகான், ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ நான்குக்கும் அழைப்பு இல்லை. ஆளை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். வீட்டையே இடித்துவிட்டுப் பக்கத்தில் புது வீடு கட்டிக்கொண்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த உத்தியை வரலாற்றில் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அப்போது நம் பெரியவருக்குப் பதினாலு வயது. "அப்பா பேப்பரை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, 'லாஸ் ஏஞ்சலஸ்காரர்களுக்கு நாம் வேண்டாமாம்' என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க வேறு எதுவும் பேசவில்லை" என்றார் என்னிடம்.

அந்தப் புதுக் கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்றவர் டாம் ஹாமில்டன் என்ற முன்னாள் கடற்படை அதிகாரி. போயிங் 707 ஜெட் விமானம் 1958 அக்டோபரில்தான் பயணிகள் சேவைக்கு வந்திருந்தது. அவருக்கு ஒரு யோசனை. இனி ரயில் எதற்கு? மேற்குக் கரைக் கல்லூரிகளையும், கிழக்கே ராணுவ, கடற்படைக் கல்லூரிகளையும், நடுவே நோட்ரடேமையும் இணைத்து, கரைக்குக் கரை ஒரே கூட்டமைப்பு! 'ஏரோப்ளேன் கான்ஃபரன்ஸ்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ராணுவத் தலைமையகம் சம்மதிக்காததால் திட்டம் படுத்துவிட்டது. இன்று நடப்பதை அறுபது வருடத்துக்கு முன்பே ஒருவர் வரைந்து வைத்திருந்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

திட்டம் படுத்ததும் பழைய அக்கம்பக்கம் ஞாபகம் வந்தது. 1962-இல் வாஷிங்டன் ஸ்டேட்டையும், 1964-இல் ஒரேகானையும் ஒரேகான் ஸ்டேட்டையும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஐடஹோவைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்த முதல் வருடமே ஒரேகான் ஸ்டேட் சாம்பியன் பட்டத்தில் யு.எஸ்.சி.யோடு சமமாக நின்று, உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் ரோஸ் பௌல் ஆட்டத்துக்குத் தேர்வானது. புத்தாண்டு நாளில் பாசடீனாவில் நடக்கும் ஆட்டம்; மேற்குக் கரையின் சாம்பியன் கல்லூரிக்கு அதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. பெரியவர் அப்போது கார்வாலிஸில் மாணவர். நான்கு நண்பர்களோடு ஒரு பழைய காரில் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு பாசடீனாவுக்குப் போனாராம். 1965 ஜனவரி 1. மிச்சிகனிடம் 34-க்கு 7 என்று தோற்றார்கள். "தோற்றதா முக்கியம்? போனோம் அல்லவா!" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர்கள் அந்த ஆட்டத்துக்குப் போகவில்லை.

1968-இல் அது பசிபிக்-8 ஆனது. 1978-இல் அரிசோனா மாநிலத்து இரண்டு கல்லூரிகள் சேர்ந்து பசிபிக்-10. 2011-இல் கொலராடோவும் யூட்டாவும் வந்து பசிபிக்-12, சுருக்கமாகப் பாக்-12. நடுவே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தலைநகரத்தில் ஒன்று நடந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

தொலைக்காட்சி வந்த புதிதில், வீட்டிலேயே ஆட்டம் பார்த்தால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்று கல்லூரிகள் பயந்தன. அதனால் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு, எத்தனை ஆட்டம் ஒளிபரப்பலாம், ஓர் அணி எத்தனை முறை திரையில் வரலாம் என்று 1950-களின் தொடக்கத்தில் இருந்தே கட்டுப்படுத்தி வைத்திருந்தது. சின்னக் கல்லூரிக்கும் எப்போதாவது ஒரு முறை வாய்ப்பு வரும். ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன: எங்கள் ஆட்டத்தை விற்க நீங்கள் யார்? 1984 ஜூன் 27-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என்.சி.ஏ.ஏ.வின் கட்டுப்பாடு வியாபாரப் போட்டிக்கு எதிரானது என்று தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ். மறுத்து எழுதியவர் பைரன் வைட். யார் இந்த வைட்? 1937-இல் கொலராடோ கல்லூரி அணியின் நட்சத்திர வீரர். நாடே கொண்டாடிய ஆட்டக்காரர். பிறகு தொழில்முறை அணிகளிலும் ஆடியவர். உச்ச நீதிமன்றத்தில் அந்தப் பந்தைக் கையில் பிடித்து ஓடியிருந்த ஒரே மனிதர், இதை வெறும் வியாபாரமாகப் பார்க்கக் கூடாது என்று எழுதினார். ஆடியவன் பேச்சு அம்பலம் ஏறவில்லை.

சட்டப்படி தீர்ப்பு தவறு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வழக்குப் போட்டவர்கள் நியாயமாகத்தான் கேட்டார்கள். ஆனால் அன்று கதவு திறந்தது. முதல் சில வருடம் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்ததால் விலை விழுந்தது. இதுவும் சந்தை விதிதான். தனித்தனியே விற்றால் ஆகாது, கூட்டமாக விற்க வேண்டும் என்று புரிந்தது. விற்கும் கூட்டம் எது? கான்ஃபரன்ஸ். குறுவட்டமாக இருந்தது அன்றிலிருந்து கடையாக மாறியது. கடைக்கு எந்த ஊரில் வாடிக்கையாளர் அதிகம் என்பதுதான் கேள்வி.

மளமளவென்று நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு அணிகள் இருந்தால் இரண்டாகப் பிரித்து இறுதி ஆட்டம் ஒன்று கூடுதலாக நடத்தலாம் என்று ஒரு விதி இருந்தது. பென்சில்வேனியாவின் சிறு கல்லூரிகளுக்காக எழுதியது. தெற்கே எஸ்.இ.சி. என்ற கூட்டமைப்பு அதைப் பிடித்துக்கொண்டு, அர்கன்சாவையும் தென் கரோலினாவையும் சேர்த்து 1992-இல் இறுதி ஆட்டம் நடத்திப் பணம் பார்த்தது. அர்கன்சா விலகிய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1914 முதல் இருந்த பழைய வீடு, 1996-இல் மூடப்பட்டது. டெக்சாஸ் உட்பட நான்கு கல்லூரிகள் 'பெரிய எட்டு'டன் சேர்ந்து 'பெரிய பன்னிரண்டு' ஆயின. ரைஸ், ஹூஸ்டன், டி.சி.யு., எஸ்.எம்.யு. நான்கும் நடுத்தெருவில். 2012-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் எஸ்.இ.சி.க்குப் போனதால், 1894-இல் தொடங்கிய டெக்சாஸ் மோதல் பன்னிரண்டு வருடம் நடக்கவேயில்லை.

இப்போதைய கணக்கைக் கேளுங்கள். 'பெரிய பத்து'வில் பதினெட்டு உறுப்பினர்கள். 'பெரிய பன்னிரண்டு'வில் பதினாறு. அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் பர்க்லியும். கணக்கு வாத்தியாரும் பூகோள வாத்தியாரும் சேர்ந்து ராஜினாமா செய்ய வேண்டியதுதான்!

வெளியே போனவர்கள் எல்லோரும் பணத்துக்காகப் போகவில்லை என்றும் சொல்ல வேண்டும். 'பெரிய பத்து'வைத் தொடங்கிய கல்லூரிகளில் ஒன்று சிகாகோ பல்கலைக்கழகம். இந்த விளையாட்டின் உயரிய ஹைஸ்மன் விருதை 1935-இல் முதன்முதலில் வாங்கியவர் அதன் மாணவர் ஜே பெர்வாங்கர். நான்கே வருடத்தில், 1939-இல், அதன் தலைவர் ஹட்சின்ஸ் 'படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்ற நிலை எடுத்துக் கால்பந்தையே நிறுத்தினார். 1946-இல் கூட்டமைப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டார்கள். ஆளில்லாத மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2-இல், என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் தொடர் அணுவினையை நடத்திக் காட்டினார். நம் சந்திரசேகர் அப்போது அங்கே பேராசிரியர். ஃபுட்பால் போனதால் சிகாகோ ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனி பெரியவர் படியில் உட்கார்ந்த நாளுக்கு வருகிறேன். 2022 ஜூன் 30-இல் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் 'பெரிய பத்து'வுக்குப் போகிறோம் என்று அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் அமெரிக்காவின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தை. ஏழு வாரத்தில் 'பெரிய பத்து' மூன்று நிறுவனங்களோடு ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பன்னிரண்டில் இரண்டு போனால் பத்து. மீதிப் பேருக்கு ஒரு வருடம் தேடியும் நல்ல ஒப்பந்தம் அமையவில்லை. 2023 ஜூலை 27-இல் கொலராடோ கிளம்பியது, ஒன்பது. கடைசியில் ஆப்பிள் நிறுவனத்தின் யோசனை ஒன்று வந்தது. எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துப் பணம். ஆகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை. ஒன்பது பேரும் இதில் முடிவெடுப்பதாக இருந்த நாள் அது. இருட்டுவதற்குள் வாஷிங்டனும் ஒரேகானும் 'பெரிய பத்து'வுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா 'பெரிய பன்னிரண்டு'வுக்கும் போய்விட்டன. நான்கு. செப்டம்பர் 1-இல் ஸ்டான்ஃபோர்டும் பர்க்லியும் அட்லாண்டிக் பக்கம். முழுப் பங்கில் மூன்றில் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று போனார்கள். கூடவே போன எஸ்.எம்.யு., ஒன்பது வருடம் ஒளிபரப்புப் பணமே வேண்டாம் என்றது. இடம் கிடைத்தால் போதும்.

மிச்சம் இரண்டு. கார்வாலிஸும் புல்மனும். 1959-இல் விடப்பட்ட அதே இரண்டு.

பெரியவருக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் மேல் பெரிய கோபம் இல்லை. "அவர்கள் அப்படித்தான்" என்றார். யூஜீன் போனதுதான் அவரால் தாங்க முடியவில்லை. கார்வாலிஸில் இருந்து ஒரு மணி நேரப் பயணம். 1894 முதல் ஒருவரோடு ஒருவர் ஆடுகிறவர்கள். ஒரே மாநில அரசின் கல்லூரிகள். 1959-இல் ஒன்றாகத் தெருவில் நின்றவர்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரிதான் பேசினார். எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

அக்டோபர் 14-ஆம் தேதி என்னைக் கார்வாலிஸுக்கு அழைத்துப் போனார். மைதானத்தின் ஒரு பக்கத்தையே இடித்து, ஏறத்தாழ 16 கோடி டாலர் செலவில் புதிதாகக் கட்டி அந்த வருடம்தான் திறந்திருந்தார்கள். கட்டி முடித்த நேரத்தில் கூட ஆட ஆளில்லை! எதிரணி யு.சி.எல்.ஏ. எனக்கு விதிமுறை எதுவும் புரியவில்லை. சுற்றிலும் எழுந்தால் நானும் எழுந்தேன். பக்கத்து வரிசையில் ஒரு பாட்டி, பேத்தியோடு வந்தவர், அவர்கள் குடும்பம் அதே இருக்கையில் மூன்று தலைமுறையாக உட்காருகிறது என்றார். 36-க்கு 24 என்று ஒரேகான் ஸ்டேட் ஜெயித்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைக்கு அது சூடான மாலை இல்லை.

நவம்பர் 24-இல் யூஜீனோடு ஆட்டம், தோற்றார்கள். மறுநாளே பயிற்சியாளர், அதே கல்லூரியில் படித்து ஆடியவர், 'பெரிய பத்து'வில் இருக்கும் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். மூழ்கும் படகில் யார் இருப்பார்கள் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள்.

இந்த இரண்டு கல்லூரிகளும் அழுதுகொண்டு உட்காரவில்லை. அது எனக்குப் பிடித்தது. புல்மன் இருக்கும் விட்மன் கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். விலகுவதாக அறிவித்தவர்களுக்கு நிர்வாகக் குழுவில் வாக்கு இல்லை என்று பாக்-12-இன் சொந்த விதியே சொல்கிறது; ஆக, மிச்சமிருக்கும் நாங்கள் இருவர்தான் பாக்-12. நீதிபதி ஒப்புக்கொண்டார். மேல்முறையீட்டில் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. பிறகு சமரசம், வெளியேறியவர்கள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். 1959-இல் வீட்டை இடித்தவர்கள், இந்த முறை இடிக்க மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயரும் கஜானாவும் தங்கியவர்கள் கையில்.

விலகியவர்களும் சும்மா இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம். கால்பந்து அணி வருடத்துக்கு ஐந்தாறு முறைதான் வெளியூர் போகும். கைப்பந்து, சாஃப்ட்பால் ஆடும் பெண் பிள்ளைகளுக்கு அடிக்கடி பயணம். வாத்தியாராக எனக்கு இதுதான் உறுத்தியது: ஒளிபரப்புப் பணத்துக்குக் காரணமே இல்லாத விளையாட்டுகளின் பிள்ளைகள், விமான நிலையத்தில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை. யு.சி.எல்.ஏ.யும் பர்க்லியும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரண்டு கிளைகள். ஒன்று போனதால் மற்றொன்று நஷ்டப்பட்டது என்று, பர்க்லிக்கு வருடம் 1 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி நிர்வாகக் குழு யு.சி.எல்.ஏ.வுக்கு உத்தரவிட்டது. ஜீவனாம்சம் என்று அங்கே கேலி செய்தார்கள்.

வீரர்களுக்குப் பணம் வந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று அங்கே பல பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2021-க்குப் பிறகுதான் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க முடிந்தது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற ஒப்புதலோடு கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கத் தொடங்கின. கூட்டமைப்புகளை உடைக்கும் வேலை அதற்கு முப்பது வருடம் முன்பே தொடங்கியாயிற்று. 1956-இல் ஒரு கூட்டமைப்பையே குலைத்த குற்றம் இன்று சட்டப்படியான சம்பளம். உடைத்த பணமெல்லாம் பயிற்சியாளருக்கும் கட்டடத்துக்கும் போய்க்கொண்டிருந்தபோது, ஓடி விழுந்து கால் ஒடித்துக்கொண்ட பையனுக்கு மட்டும் 'நீ மாணவன்' என்று சொல்லிவந்தார்கள்.

2024-இல் பாக்-12 இரண்டே அணிகளோடு நடந்தது. செப்டம்பர் 14-இல் சியாட்டிலில், எட்டு மாதம் முன்புதான் தேசிய இறுதி ஆட்டம் ஆடியிருந்த வாஷிங்டனை, விடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட் 24-க்கு 19 என்று தோற்கடித்தது. மகள் அனுப்பிய காணொலியில் பெரியவர் வாசலில் குதித்துக்கொண்டிருந்தார். அவர் கல்லூரி ஆடவே இல்லை. அன்று அதே நாளில் கார்வாலிஸ் யூஜீனிடம் படுதோல்வி அடைந்திருந்தது. வருடக் கடைசியில் நடந்துவந்த அந்த ஆட்டம் செப்டம்பருக்குத் தள்ளப்பட்டிருந்தது, விருந்தாளிக்குக் கொடுக்கும் தேதி மாதிரி.

2026 ஜூலை 1 முதல் பாக்-12 மறுபடி முழு உருவம் எடுக்கிறது. பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஐந்தையும் மௌண்டன் வெஸ்ட் என்ற பக்கத்துக் கூட்டமைப்பில் இருந்து இழுத்துக்கொண்டார்கள். ஆமாம், இழுத்துக்கொண்டார்கள். வேறு சொல் கிடையாது. பணத் தகராறில் அந்த மௌண்டன் வெஸ்ட்டோடு வழக்கும் வந்தது. கூடைப்பந்துக்குப் பெயர்போன கொன்சாகாவும் வருகிறது. கால்பந்தில் எட்டாவதாக டெக்சாஸ் ஸ்டேட். கார்வாலிஸில் இருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர்.

சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் பெரியவர் அழைத்திருந்தார். குரல் பழையபடி தெளிவாக இருந்தது. இரண்டு சீசன் டிக்கெட்டையும் புதுப்பித்துவிட்டாராம். "மௌண்டன் வெஸ்ட்டில் மிச்சம் நிற்கிறவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கேட்பீர்கள் என்று தெரியும்" என்றார்.

"மாஸ்கோவைக் கூப்பிட்டார்களா?"

1959-இல் விடப்பட்ட ஐடஹோ, பல கூட்டமைப்புகள் மாறி மாறி அலைந்து, 2018-இல் மேல்தட்டுக் கால்பந்தில் இருந்தே கீழ்ப் பிரிவுக்கு இறங்கிக்கொண்டது. அப்படித் தானாக இறங்கிய முதல் கல்லூரி அதுதான்.

"இல்லை, அவர்கள் பெயரை யாரும் எடுக்கவே இல்லை" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்கள் வாத்தியார்தானே, இந்த டெக்சாஸ் ஸ்டேட் எந்த ஊரில் இருக்கிறது? வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். நானும் மகளின் பழைய அட்லஸை எடுத்து வந்தேன். சான் மார்கோஸைக் கண்டுபிடிக்க இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆயிற்று.